மூணு இன்ச் பொய்

டெலிபோன் அலறியது!

ரஸ் கோவாச் காபிக் கோப்பையைக் கீழே வைத்தான். எடுக்கவில்லை. நேற்று விடியற்காலையிலிருந்து எந்தச் சத்தம் கேட்டாலும் அவனுக்கு அந்த ஒரு சத்தமாகவே கேட்டது.

தொப்!

பனிமூட்டம். குவாரி ரோட்டின் வளைவு. காரின் மூக்கில் மோதிய ஏதோ ஒன்று...

அவன் நிறுத்தவில்லை. கால் பிரேக்குக்குப் போகவே இல்லை. ஏன் போகவில்லை என்று ஒரு பகலும் ஓர் இரவும் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தான். பதில் தெரியாமல் இல்லை. பதில் பிடிக்கவில்லை.

போன் விடுவதாக இல்லை. எடுத்தான்.

"டேய் ரஸ்! விஷயம் தெரியுமா?" டென்னி ப்ரூனோவின் குரல். "குவாரி ரோட்டுல ஒரு பெரியவர் பிணமாக் கிடந்தாராம். எவனோ கார்ல அடிச்சுட்டு நிக்காமப் போயிட்டான்!"

ரஸ்ஸின் பார்வை கராஜ் பக்கம் போயிற்று.

"ஹலோ... இருக்கியா, செத்தியா?"

"எப்போ?"

"நேத்து விடியக்காலைல. எல்வுட் கிராமர்டா. நம்மளை ஸ்கூல் பஸ்ல ஏத்திட்டுப் போவாரே, அவர்தான்."

ரஸ் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தான்.

"டென்னி... நான் அந்த வழியாத்தான் வந்தேன். எதையோ இடிச்சேன். பம்பர் கிழிஞ்சிருக்கு."

மறுமுனையில் மௌனம்.

நீளமான மௌனம். அதற்கு என்ன அர்த்தம் என்று ரஸ் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும்!

"வாயை மூடிட்டு வீட்லயே கிட," என்றான் டென்னி கடைசியில். "வர்றேன்."

-----

டென்னி தன் மனைவியின் வேனில் வந்து இறங்கினான்.

"உன் வண்டி எங்க?"

"பெயின்ட்டுக்குப் போயிருக்கு. அதை விடு. உன்னுதைக் காட்டு."

கராஜுக்குள் நின்றது ரஸ்ஸின் பழைய வெள்ளி நிற ஹேட்ச்பேக். அவனுக்கும் டென்னிக்கும் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரே வேலைதான். மூடிக்கிடக்கும் மாலின் பார்க்கிங்கில் ஆரஞ்சுக் கூம்புகளை அடுக்கி வைத்துவிட்டு, அவற்றைச் சுற்றிக் காரை வளைத்து வளைத்து ஓட்டுவது. டென்னியின் வண்டி, குட்டை ஸ்பிரிங் போட்டுத் தரையோடு தரையாக உயரம் குறைத்த வண்டி. வளைவில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு போகும். ரஸ்ஸின் வண்டியோ கம்பெனியில் வந்த உயரத்திலேயே நின்றது.

டென்னி குனிந்து பம்பரின் கிழிசலைப் பார்த்தான். விசிலடித்தான்.

"ஒரே வழிதான். இறக்கிடலாம்."

"என்னத்தை?"

"வண்டியைடா! போலீஸ் என்ன பண்ணுவான்? அடிபட்டது எந்த உயரத்துலன்னு அளப்பான். உன் பம்பர் முழங்கால் உயரம். மூணு இன்ச் இறக்கிட்டா எப்படிப் பொருந்தும்?"

"எதுக்கு இறக்கினேன்னு கேட்டா?"

"வளைவுல உன் வண்டி குடிகாரன் மாதிரி சாயுது. இது ஊருக்கே தெரியும். ஓட்டறதுக்கு நல்லா இருக்கணும்னு ஒரு மாசம் முன்னாடியே இறக்கிட்டேன்னு சொல்லு. நான் சாட்சி!"

ரஸ் சுவரைப் பார்த்தான்.

"நான் போய்ச் சொல்லிடறேன் டென்னி. அவர் எனக்குத் தினம் குட்மார்னிங் சொன்னவர்."

"சொல்லு. சொல்லிட்டு உள்ள போய் உக்காரு. உன் பொண்ணு கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை ஆட்டட்டும்."

ரஸ் பம்பரின் கிழிசலை ஒரு துணியால் மூடினான்.

"என்கிட்ட குட்டை ஸ்பிரிங் செட் ஒண்ணு சும்மாதான் கிடக்கு. பழசு, சந்தேகம் வராது. எடுத்துட்டு மதியம் வர்றேன்," என்று கிளம்பினான் டென்னி.

-----

மதியம் ஜாக் போட்டுத் தூக்கினார்கள். சக்கரங்களைக் கழற்றினார்கள். ஸ்பிரிங்கைக் கிளாம்ப் போட்டு அழுத்தியபோது ரஸ்ஸின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது.

"டேய், பார்த்து! நழுவிச்சுன்னா மூஞ்சி போயிடும்."

"போனாப் போகட்டும்."

"உன் மூஞ்சி இல்லடா, என் மூஞ்சி!"

டென்னி சிரித்தான். ரஸ்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் ஜாக்கை இறக்கியபோது கார் பெருமூச்சு விட்டுத் தரையை நோக்கிப் பதுங்கியது. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு விரல்தான் நுழைந்தது.

"சூப்பர்!" என்றான் டென்னி.

-----

மறுநாள் காலை டிடெக்டிவ் லொரேன் ஹாஸ் வந்தாள். வாயில் சூயிங்கம். பின்னாலேயே கார் தூக்கும் டிரக் ஒன்று வந்து தெருவில் நின்றது. சாட்சி சொல்வதற்கென்றே டென்னியும் வந்து காத்திருந்தான்.

லொரேன் கராஜுக்குள் வந்து காரைச் சுற்றினாள்.

"நல்லாத்தான் இறக்கியிருக்கீங்க மிஸ்டர் கோவாச். எப்போ?"

"ஒ... ஒரு மாசம் ஆச்சு மேடம்."

"எதுக்கு?"

"வளைவுல... சாயாம ஓடும்."

"நானும் கூட இருந்தேன் மேடம்," என்றான் டென்னி.

"நிச்சயமா ஒரு மாசமா?"

"நிச்சயமா," என்றான் ரஸ்.

"அப்படின்னா உங்களை அரெஸ்ட் பண்ண வேண்டியதுதான்!"

ரஸ் காரின் கூரையைப் பிடித்துக்கொண்டான்.

"எல்வுட் கிராமருக்கு அடிபட்டது முழங்கால்ல இல்ல. அதுக்கும் கீழ... கெண்டைக்கால்ல. உயரம் குறைக்காத வண்டி அங்க இடிக்காது. நாங்க தேடறதே இறக்கின வண்டியைத்தான்!"

ரஸ் திரும்பி டென்னியைப் பார்த்தான்.

டென்னி தன் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உண்மையைச் சொல்லலாம். ஆனால் நேற்றுத்தான் இறக்கினேன் என்றால் யார் நம்புவார்கள்? ஒரு மாசம் என்று சொன்ன வாய் இன்னும் மூடக்கூட இல்லையே!

"சாவியை எடுங்க," என்றாள் லொரேன். "இந்தச் சரிவுல டிரக் ஏறாது. நீங்களே வண்டியைக் கீழ கொண்டு வாங்க."

கராஜிலிருந்து தெருவரை காங்கிரீட் சரிவு, கூரை மாதிரி இறங்கியது. ரஸ் காரைக் கிளப்பினான். மெல்ல இறக்கினான். சரிவு முடிந்து தெரு தொடங்கும் இடத்தில்...

க்ர்ர்ரீச்ச்ச்!

கிழிந்த பம்பர் தரையில் தேய்ந்து, பிய்ந்து, தனியே விழுந்தது.

லொரேனின் தாடை அசைவதை நிறுத்தியது. மண்டி போட்டுக் காங்கிரீட்டைத் தடவினாள். புத்தம் புதிய வெள்ளைக் கீறல்.

"தினம் வேலைக்கு இந்த வழியாத்தானே இறங்கறீங்க?"

"ஆமா."

"ஒரு மாசமா இறங்கியிருந்தா இந்தத் தரை உழுத வயல் மாதிரி இருக்கணுமே! ஒரே ஒரு கீறல்தான் இருக்கு. அதுவும் இப்ப விழுந்தது!"

ரஸ் காரை விட்டு இறங்கினான்.

"நேத்து சாயங்காலம்தான் இறக்கினோம். பொய் சொன்னேன் மேடம். அவரை அடிச்சது நான்தான்."

"மேடம், அவன் பயத்துல உளர்றான்!" டென்னி கத்தினான். "ஒரு மாசமா..."

லொரேன் கேட்டதாகத் தெரியவில்லை. உடைந்த பம்பரைப் புரட்டினாள். உள்விளிம்பில் ஒரு கொத்து முடி சிக்கியிருந்தது. பழுப்பு நிறம். துடைப்பக்குச்சி மாதிரி விறைப்பு.

"கிராமருக்கு வழுக்கை," என்றாள். "இது மான் முடி. வளைவுக்குக் கீழ ஓடையில ஒரு மான் செத்துக் கிடந்துச்சு. கிராமர் கிடந்தது அங்கிருந்து ஒரு மைல் தள்ளி. நீங்க இடிச்சது மானை!"

ரஸ் நடைபாதை ஓரம் உட்கார்ந்தான். நிம்மதி வரும் என்று பார்த்தான். வரவில்லை.

"மான்னு எனக்குத் தெரியாது மேடம். மனுஷனா இருக்குமோன்னு தோணிச்சு. அப்பவும் நிறுத்தல."

லொரேன் அந்த முடியை ஓர் உறைக்குள் போட்டாள்.

"அதுக்கு மாட்ட என்கிட்ட விலங்கு இல்ல. நீங்களே பார்த்துக்குங்க."

பிறகு எழுந்து கைகளைத் தட்டிக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணுதான் இடிக்குது. நேத்துக் காலைல ஸ்டேஷனுக்குப் பேர் சொல்லாத போன் ஒண்ணு. 'கோவாச் வீட்டுல பாருங்க, தரையோட தரையா இறக்கின வெள்ளிக் கலர் ஹேட்ச்பேக்'னு. போன் வந்தது காலைல! வண்டி இறங்கினது சாயங்காலம்! இறக்கப் போறாங்கன்னு முன்னாடியே யாருக்குத் தெரியும்?"

டென்னி வேனை நோக்கி நடந்துகொண்டிருந்தான்.

"மிஸ்டர் ப்ரூனோ! உங்களுதும் இறக்கின வண்டியாமே? எங்க அது?"

"பெ... பெயின்ட்டுக்கு..."

"எந்தக் கடை?"

டென்னி நின்றான். திரும்பினான்.

"ரஸ்... பனிமூட்டம்டா. நான் மட்டும் வேணும்னா செஞ்சேன்? எனக்கும் பொண்ணு இருக்குடா..."

ரஸ் நேற்று டெலிபோனில் கேட்ட அந்த நீளமான மௌனத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தான்.

விலங்கு 'க்ளிக்' என்றது. டென்னி காங்கிரீட் கீறலை வெறித்தான்.

"ச்சே... என் வீட்டு வாசல் தட்டை. இந்தச் சரிவு எனக்குத் தோணவே இல்லையே!"

லொரேன் அவன் தலையை அழுத்தி போலீஸ் காருக்குள் உட்கார வைத்தாள்.

"கவலைப்படாதீங்க மிஸ்டர் ப்ரூனோ... ஜெயில் வாசலும் தட்டைதான். சிராய்க்கவே சிராய்க்காது!"