தடம் நாற்பத்தொன்றில் கூட்டம்

காலை எட்டரை மணிக்கு ஆவுடைப்பேரியிலிருந்து புறப்பட்ட பேருந்தில் நாற்பத்தெட்டு இருக்கைகள் இருந்தன. ஏறியிருந்தவர் ஒருவர்தான். "உள்ளே தள்ளிப் போங்க, படியில நிக்காதீங்க" என்று நடத்துநர்ப் பொறி காலி இருக்கைகளைப் பார்த்து மூன்று முறை சொன்னது. அப்படிச் சொல்ல வேண்டும் என்று பழைய விதி ஒன்று இருந்தது. அதை நீக்கும் அளவுக்கு அந்தப் பேருந்தை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஏறியிருந்தவள் தமயந்தி. வயது அறுபத்து மூன்று. மடியில் ஒரு தூக்குவாளி, அதில் எட்டு இட்லியும் எள்ளுப்பொடியும். பத்தொன்பது கிலோமீட்டர் தள்ளி, மலையடிவாரத்தில் கருங்கடவு என்ற ஊரில் அவளுடைய அக்கா கோமதி இருந்தாள். இரண்டு ஆண்டுகளாக நாள் தவறாமல் இதே பேருந்தில் போய், மாலை நான்கு மணிக்கு இதிலேயே திரும்பிக்கொண்டிருந்தாள் தமயந்தி.

மற்றவர்கள் அப்படிப் போவதை நிறுத்தி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. எல்லோர் கண்ணிலும் விழிவில்லை பொருத்தப்பட்டிருந்தது. யாரைப் பார்க்க வேண்டுமோ அவர்களை நினைத்தால் போதும். உடல் வீட்டில் இருக்க, நிழலுரு அவர்கள் முன்னால் போய் நிற்கும், சிரிக்கும், பேசும். சாமான்களைச் சரக்குப் பறவைகள் கொண்டுவந்து போட்டன. உடம்பைத் தூக்கிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போவது, கையால் துணி துவைப்பதைப் போல, முன்னோர்கள் பட்ட பாடுகளில் ஒன்றாகிவிட்டது.

கோமதிக்கு மட்டும் அது உதவவில்லை. விழி நரம்பில் நோய் வந்து, வில்லையை எடுத்துவிட்டார்கள். தமயந்தியின் புடவை நிறம் அவளுக்குத் தெரிந்தது. நிழலுரு தெரியவில்லை, அதன் குரலும் கேட்கவில்லை. டொராண்டோவில் இருந்த அவள் மகன் மட்டும் பழக்கத்தை விடாமல் தினமும் காலை ஏழு மணிக்கு அவள் முன்னால் நிழலுருவாக வந்து நின்று, "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அம்மா அவனைத் தாண்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நிறைய யோசிக்கிறாள் போல என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அவள் சாப்பிட்டிருக்க மாட்டாள். எதிரே ஓர் ஆள் உட்காராவிட்டால் கோமதிக்குச் சோறு இறங்குவதில்லை. பிடிவாதம் ஒன்றுமில்லை, வாயில் வைத்தது அப்படியே நின்றுவிடும். இதைக் கண்டுபிடிப்பதற்குள் பதினோரு கிலோ இளைத்துவிட்டாள். அக்காவைத் தன்னோடு வந்துவிடும்படி தமயந்தி கூப்பிட்டுப் பார்த்தாள். அவளோ வீட்டை விட்டு வர ஒப்பவில்லை. தமயந்திக்கும் தன் வீட்டை விட்டுவிட மனம் வரவில்லை. ஆகவே பேருந்து.

அந்தப் பேருந்து பொருநை வட்டாரப் பேருந்துக் கழகத்துக்குச் சொந்தமானது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் ஏழு வண்டிகளோடு தொடங்கி, ஒரு காலத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு வண்டிகள் ஓடிய கழகம். அன்றைக்குச் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்தார்கள். நிற்பவர்களின் பைகளை உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். யாரோ ஒருவரின் குழந்தை யாரோ ஒருவரின் தோளில் தூங்கியது. இப்போது மிச்சமிருந்தது இந்த ஒரு வண்டி, தடம் நாற்பத்தொன்று.

நூற்றைம்பதாவது ஆண்டுவிழாவுக்கு இரண்டு வாரம் முன்பு, கழகத்தின் விழா அலுவலர் செல்வினுடைய நிழலுரு பேருந்தில் தமயந்தியின் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தது.

"அம்மா, எங்களுக்கு இருக்கிற ஒரே பயணி நீங்கதான். பஸ்ஸப் பத்தி ரெண்டு வார்த்தை பேசணும். அப்படியே பதிவாயிடும்."

"என்னத்தப் பேச?"

"மனசுல தோணுறத."

தமயந்தி சன்னலைப் பார்த்தாள். வெளியே கருவேலங்காடு ஓடியது. "பஸ்ஸுக்கு ஒரு குறையும் இல்ல, சரியான நேரத்துக்கு வந்துரும்," என்றாள். சற்றுக் கழித்து, "போகும்போது பக்கத்துல ஒரு ஆள் இருந்தா நல்லாருக்கும். பேசக்கூட வேண்டாம். சும்மா, தோள் இடிச்சிட்டு உக்காந்திருந்தாப் போதும். அவ்வளவுதான்," என்றாள்.

அந்தப் பதிவை நான்கு நாளில் முப்பது லட்சம் பேர் பார்த்தார்கள். பாதிப்பேர் அழுதார்கள். அழுததை மற்றவர்களுக்குக் காட்டினார்கள். 'அந்த அம்மாவோடு ஒரு பயணம்' என்று யாரோ எழுத, விழா நாளன்று தடம் நாற்பத்தொன்றில் இடம் கேட்டு விண்ணப்பங்கள் குவிந்தன. கழகம் குலுக்கல் நடத்தி நாற்பத்தெட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தது.

விழா நாள் காலையில் தமயந்தி தூக்குவாளியோடு நிறுத்தத்துக்கு வந்தபோது, பேருந்து முகப்பில் பூமாலையோடு நின்றது. எல்லாச் சன்னல்களிலும் முகங்கள். விறுவிறுவென்று போய்ப் படியில் கால் வைத்தாள்.

"இருக்கை காலியில்லை அம்மா," என்றது நடத்துநர்ப் பொறி.

"நின்னுக்கிடுதேன்."

"நின்று பயணம் செய்யத் தடை உள்ளது. நீங்கள் இறங்கினால்தான் வண்டி நகரும்."

மூன்றாவது வரிசையில் அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில் சிவப்புப் பட்டுப்புடவையில் ஒரு பெண்ணின் நிழலுரு இருந்தது. அதன்மேல் உட்காரலாம்தான், வெறும் ஒளி. ஆனால் நிழலுருவில் உடம்பு படுவது, ஆளைக் கைநீட்டி அடிப்பதற்குச் சமமான குற்றம்.

"தாயி, கொஞ்சம் எந்திரிச்சுக்கிடுதியா?" என்று தமயந்தி அவளைக் கேட்டாள். "எங்கக்காவுக்குச் சோறு கொண்டு போகணும்."

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "நீங்கதான அந்த அம்மா?"

அவ்வளவுதான். நாற்பத்தெட்டு நிழலுருக்களும் எழுந்து படியருகே நெருக்கியடித்து வந்தன. ஒவ்வொருவரும் அவள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் அவளை வணங்கினார். தோளோடு தோள் சேர்த்து நின்றார்கள்; தோளில் எதுவும் படவில்லை. பிறகு எல்லோரும் அவரவர் இருக்கைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

"குலுக்கல்ல விழுந்த சீட்டும்மா, தப்பா நினைக்காதீங்க," என்றாள் சிவப்புப் புடவைக்காரி.

செல்வினும் நிழலுருவாக அங்கேயே இருந்தான். அவனுக்கு உண்மையிலேயே சங்கடமாக இருந்தது. "இப்படி ஆகும்னு நாங்க எதிர்பார்க்கலம்மா. வேணும்னா நீங்க வீட்டுக்குப் போயி நிழலுருவா வாங்க. மேடையில உங்களுக்குன்னு ஒரு இடம் வச்சிருக்கோம்."

"அக்காவுக்கு நிழலுரு தெரியாதுய்யா."

"அப்ப நாளைக்குப் போலாமே."

"இன்னைக்குப் பசிக்கிறத நாளைக்குச் சாப்பிடச் சொல்லவா?"

தமயந்தி படியிலிருந்து காலை எடுத்தாள். கதவு மூடியது. உள்ளேயிருந்து நாற்பத்தெட்டுப் பேரும் அவளுக்குக் கையசைத்தார்கள்.

வேறு வண்டி கிடையாது. சரக்குப் பறவைகள் மனிதரை ஏற்றுவதில்லை. அவள் நடந்தாள்.

தார்ச்சாலையின் இரண்டு ஓரமும் புல் ஏறி, நடுவில் பேருந்து ஓடும் தடம் மட்டும் மிஞ்சியிருந்தது. வழியில் மூன்று ஊர்கள் வந்தன. வீட்டுக் கதவுகள் சாத்தியிருந்தன. உள்ளே ஆட்கள் யார் யாரோடோ பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஒரு வீட்டுக் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்டாள். உள்ளே சிரிப்பு நின்றது, கதவு திறக்கவில்லை. கதவு தட்டும் ஓசை அந்த வீட்டுக்காரருக்கு என்னவென்றே தெரியாமலிருந்திருக்கலாம். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாளியைக் கை மாற்றிக்கொண்டு நடந்தாள்.

கருங்கடவுக்கு வந்து சேர மூன்று மணி ஆகிவிட்டது. பூமாலையோடு பேருந்து அங்கே நின்றிருந்தது. உள்ளே ஒருவருமில்லை.

"எல்லாரும் எங்க?" என்று கேட்டாள்.

"முதல் நிறுத்தம் வருமுன் முப்பத்தொன்பது பேரும், இரண்டாம் நிறுத்தத்தில் ஒன்பது பேரும் விலகிக்கொண்டார்கள்," என்றது நடத்துநர்ப் பொறி. "இருக்கைகள் அவர்கள் பெயரிலேயே இருந்தன. வண்டி நிறைந்தே வந்தது."

கோமதி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். காலையில் அவளே ஆக்கிய கஞ்சி ஆறித் தோல் படர்ந்திருந்தது. தங்கையின் காலடி கேட்டதும் தலையை நிமிர்த்தினாள்.

"ஏட்டி, எங்க போயிட்ட? நான் என்னமோ ஏதோன்னு கெடக்கேன்."

தமயந்தி எதிரே உட்கார்ந்து தட்டில் இட்லியை வைத்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. புடவையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"பஸ்ல கூட்டம்க்கா. ஏற முடியல."

கோமதியின் கை தட்டிலேயே நின்றது. "கூட்டமா? நம்ம பஸ்லயா?"

"ஆமா. ஒரு சீட்டு காலி இல்ல."

"நெசமாவாட்டி சொல்லுத? யாரு யாரு வந்தா?"

"ஒரு பொம்பள சிவப்புப் பட்டு கட்டியிருந்தா. ஒருத்தரு கும்பிட்டாரு. எல்லாரும் நல்லாப் பேசுனாவ."

கோமதி சிரித்தாள். தங்கை அந்தச் சிரிப்பைப் பார்த்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கோமதி ஓர் இட்லியை முடித்து, இன்னொன்றைத் தானாகவே எடுத்தாள். எள்ளுப்பொடிக்கு எண்ணெய் கேட்டாள்.

அப்போது தமயந்தியின் விழிவில்லையில் கழகத்தின் அறிவிப்பு ஓடியது. விழாப் பயணம் மாபெரும் வெற்றி. அறுபது ஆண்டுகளில் முதல்முறையாகப் பேருந்து நிறைந்து ஓடியது. மக்களின் பேராதரவை ஏற்று இனி நாள்தோறும் இதே முறை தொடரும். ஏழு மாதங்களுக்கு எல்லா இருக்கைகளும் பதிவாகிவிட்டன. நன்றி தெரிவித்து ஒருவர் கைகூப்பினார். அது செல்வின்.

"நாளைக்கும் கூட்டம் இருக்குமாட்டி?" என்றாள் கோமதி.

"ஏழு மாசத்துக்கு இடமே இல்லையாம்க்கா."

"அப்ப நீ எப்படிப் போய் வருவ?"

"நான் போகல. இங்கனயே இருந்துக்கிடுதேன்."

கோமதி அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. நான்காவது இட்லியை மென்றபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்து மணிக்கு இங்க வந்துரும்லா பஸ்ஸு? வெள்ளன எந்திரிச்சு ரெண்டு பேரும் அங்கன போய் நிப்போம். இம்புட்டுத் தூரம் வாறவங்க, இறங்குனதும் தண்ணி கேப்பாங்க."

தமயந்தி சமையலறைக்குப் போய்ப் பெரிய குடத்தைத் தேடி எடுத்தாள். நாள்பட்ட தூசி படிந்திருந்தது. அதைக் கழுவத் தொடங்கினாள்.