அடுத்த அறையில் அளவு எழுதுகிறவள்

பொம்மையின் முதுகு வெதுவெதுப்பாக இருந்தது.

வெயில் பட்டிருக்கும் என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்ன பிறகுதான் ஜன்னலைத் தேடினாள். அது எதிர்ச்சுவரில், உயரத்தில், கைக்குட்டை அகலத்துக்கு இருந்தது. அதற்கு வெளியே காலையிலிருந்து வெயில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, மழைக்கு முன்னால் வருகிற அந்த அழுக்கு வெளிச்சம்தான் தேங்கி நின்றது. கையை உடையில் துடைத்துக்கொண்டு ஓரடி தள்ளி நின்றாள்.

எல்லாம் தங்கையால் வந்தது. இந்த நகரத்தில் பெரிய அருங்காட்சியகங்கள் இருக்கும் பக்கம் அவள் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டாள். அவளுக்கு வேண்டியது சந்துக்குள் ஒரு பழைய கட்டடம், மாடியில் நாலு அறை, நிறையத் தூசி, அதைக் கட்டி மாரடிக்க ஒரு கிறுக்குப் பிடித்த சொந்தக்காரர். கடைக்கு விடுமுறை விட்டால் போதும், அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். மூக்குக்கண்ணாடிக்கு ஒன்று பார்த்தாயிற்று. தண்ணீர்க் குழாய்க்கு ஒன்று. அங்கே மத்தியானம் முழுக்க நின்று வெறுங்குழாய்களைப் பார்த்துவிட்டு வந்ததில் அக்காவுக்குத் தாகம்தான் மிச்சம். இன்றைக்குத் தையற்காரர்களின் பொம்மைகள்.

"இது உனக்காகத்தான்க்கா பிடிச்சேன். நம்ம தொழிலு. வரமாட்டேன்னு மட்டும் சொல்லாதே."

அவள் எதைக் கேட்டாலும் அக்காவால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. அம்மா போனபோது தங்கை நடக்கத் தொடங்கியிருந்தாள். அன்றைக்கு இடுப்பில் ஏற்றியவளை அக்கா இன்னும் மனதால் இறக்கி விடவில்லை. இருவரும் சேர்ந்துதான் தையற்கடை நடத்துகிறார்கள், இருவருக்கும் இருவரைத் தவிர யாரும் இல்லை.

கீழே சீட்டுக் கிழித்தவர் பாதித் தூக்கத்தில் வழி சொன்னார். "மேல போங்க. அறைக்குள்ள அறை. போன வழியாவே திரும்பி வந்துடுங்க, வேற வழி கிடையாது." தங்கை அவர் பேசியதைப் போலவே கண்ணைச் செருகிக்கொண்டு சொல்லிக் காட்டியபடி படியேறினாள். அக்காவும் சிரித்துவிட்டாள்.

முதல் அறையில் அட்டையில் எழுதி மாட்டியிருந்தார்கள். பெரிய தையல் நிலையங்களில் பணக்கார வாடிக்கையாளருக்கு ஆளுக்கொரு பொம்மை செய்து வைத்துவிடுவார்களாம். தலை கிடையாது, கை கிடையாது. கழுத்திலிருந்து இடுப்புக்குக் கீழ்வரை அவர்களுடைய உடம்பு மட்டும், மரத்திலும் பஞ்சிலும் முரட்டுத் துணியிலும். அளவு கொடுக்க அந்த ஆள் திரும்ப வரவே வேண்டாம். ஆள் பெருத்தால் பொம்மைக்கும் பஞ்சு வைத்துக் கட்டுவார்கள். நீதிபதியின் மனைவி என்று எழுதிய பொம்மைக்கு வயிற்றில் மூன்று அடுக்குப் பஞ்சு. பாடகிக்கு மார்பு பெரிது, முதுகு கூன். பெயர் ஒருவருக்கும் இல்லை. உடம்புக்காரர்கள் எல்லாரும் எப்போதோ மண்ணுக்குள் போய்விட்டார்கள், அவர்களுடைய தொப்பை மட்டும் இங்கே நிற்கிறது என்று தங்கை சொன்னாள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பது உடம்புகள் முதுகைக் காட்டியும் மார்பைக் காட்டியும் நெருக்கியடித்து நிற்கிற அறையில், இஸ்திரி போட்ட ஈரத்துணியின் வாடையும் பழைய வியர்வையும் கலந்து ஒரு நெடி வந்தது. மூடியிருக்கிற அறையில் இஸ்திரிப் பெட்டி எங்கே இருக்கிறது என்று அவள் யோசித்தாள்.

நீதிபதியின் மனைவியைச் சுற்றி வந்து தையலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தங்கை ஏதோ சொன்னாள். அக்கா "ம்" என்றாள். காலடி நகர்ந்தது. முன்னால் போகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவளும் மெதுவாக இரண்டாம் அறைக்குப் போனாள். அங்கே தங்கை இல்லை. அடுத்த அறையின் கதவு ஒருக்களித்திருந்தது.

அந்தச் சூடான முதுகு இந்த அறையில்தான், கதவுக்குப் பக்கத்தில். மற்றவை பழுத்துப் போன நிறத்தில் இருக்க, இதன் துணி மட்டும் புதுசு. அட்டை இல்லை. தள்ளி நின்று பார்த்தபோதுதான் அக்காவின் கண்ணில் பட்டது. வலது தோள் இறங்கியிருந்தது.

தங்கைக்குப் பிறவியிலேயே முதுகெலும்பில் ஒரு வளைவு. வலது தோள் சற்று இறக்கம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்து அவள் அழுதுகொண்டு வந்த நாளிலிருந்து, அவளுடைய சட்டை ஒவ்வொன்றிலும் வலது தோளுக்குள் அக்கா ஒரு சின்னப் பஞ்சுத் திண்டு வைத்துத் தைத்துவிடுவாள். பார்ப்பவர்களுக்கு நேராகத் தெரியும். அந்தத் திண்டு எவ்வளவு கனம், எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று உலகத்தில் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

உலகத்தில் ஒரே ஒருத்திக்கா தோள் சாய்ந்திருக்கும்? அளந்து பார்த்தால் வேறாகத்தான் இருக்கும், மனம் ஆறிவிடும். பைக்குள் எப்போதும் கிடக்கிற டேப்பை எடுத்தாள். தோளில் வைத்தாள். வைத்ததும் பழக்கதோஷத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"தோள் பதினாலு. வலது முக்கால் இறக்கம்."

"தோள் பதினாலு. வலது முக்கால் இறக்கம்," என்றாள் தங்கை அடுத்த அறையிலிருந்து.

அக்காவுக்கு உயிர் வந்தது. கடையில் அவர்கள் வேலை செய்கிற முறை அது. அக்கா அளந்து உரக்கச் சொல்வாள், தட்டிக்கு அந்தப் பக்கம் தங்கை அதைத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொள்வாள். திருப்பிச் சொல்லாத அளவு அளவே இல்லை. அதை நம்பி அக்கா கத்தரியைத் தொட மாட்டாள். விளையாட்டுக்கும் அதையே செய்கிறாளே கழுதை என்று பாசமாக இருந்தது.

"மார்பு முப்பத்திரண்டு."

"மார்பு முப்பத்திரண்டு."

"இடுப்பு இருபத்தாறு."

"இடுப்பு இருபத்தாறு."

பொம்மைக்குக் கை இல்லை. ஆனால் தோளிலிருந்து டேப்பைத் தொங்கவிட்டு, இருக்க வேண்டிய கையின் நீளத்தை அக்கா மனப்பாடமாகச் சொன்னாள். அதுவும் திரும்பி வந்தது. எல்லாமே தங்கையின் அளவு. அரை நூல் கூடவில்லை, குறையவில்லை. தங்கையைக் கூப்பிட்டு இதைக் காட்ட வேண்டும், இரண்டு பேருமாகப் பார்த்தால் பயம் பாதியாகிவிடும் என்று நினைத்தாள்.

"யாருக்குக்கா அளவு சொல்லிட்டிருக்கே?"

தங்கை அவளுக்குப் பின்னால், முதல் அறைக்கதவில் நின்றிருந்தாள். முகம் கழுவிய ஈரம் நெற்றியில் இருந்தது.

"நீ... நீ அந்த அறையிலதானே இருந்தே?"

"கீழ முகம் கழுவப் போறேன்னு சொன்னேனே. நீ கூட 'ம்'னு சொன்னியே. அக்கா, கீழ அந்த ஆளைக் காணோம். வாசக்கதவு வேற பூட்டியிருக்கு. தட்டினேன், யாரும் வரல."

ஒருக்களித்த கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ அசைந்தது. காகிதத்தின் மேல் பென்சில் ஓடி நிற்கிற சத்தம். பிறகு பொறுமையாக, தூக்கக் கலக்கத்தில் கடையில் கேட்பதைப் போல, தங்கையின் குரல் கேட்டது.

"அடுத்து?"

தங்கையின் உதடு பிரியவே இல்லை. அக்கா அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா... அது என் குரல்."

"வா. போயிடலாம். வாடி!"

வந்த கதவை அக்கா தள்ளினாள். இப்போதுதான் அதன் வழியாகத் தங்கை உள்ளே வந்தாள், அவளுக்குப் பின்னால் அது தானாகச் சாத்திக்கொண்டுவிட்டது. தாழ்ப்பாள் இல்லை, பூட்டு இல்லை, ஆனாலும் சுவரோடு சுவராக நின்றது. தோளால் இடித்தாள். பக்கத்துப் பொம்மைகள் இலேசாக ஆடின, அந்த நெடி இன்னும் கனத்தது.

"நீயும் சேர்ந்து தள்ளு."

"கை தூக்க வரலக்கா."

திரும்பிப் பார்த்தாள். தங்கையின் இரண்டு கைகளும் பக்கவாட்டில் நேராகத் தொங்கின. தோள் நிமிர்ந்து இறுகியிருந்தது. திரும்ப நினைத்தாள், இடுப்பு திரும்பவில்லை. தரையில் ஊன்றிய கம்பத்தில் நிற்பவளைப் போல நின்றாள். அளந்த இடமெல்லாம் மரத்துப் போயிருந்தது. அளக்காத முகம் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

கதவோரத்துப் பொம்மையின் மார்புத் துணி ஏறியது. இறங்கியது. ஏறியது.

அக்கா டேப்பை வீசினாள். தங்கையைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். இடுப்பில் வைத்துத் தூக்கியவளை இப்போது ஒரு விரற்கடை நகர்த்த முடியவில்லை. "நான் இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன். வாயே திறக்க மாட்டேன். பயப்படாதே, கண்ணு."

"அடுத்து?" என்றது குரல். காத்திருந்தது. பிறகு தானே தொடங்கியது. "கழுத்து. பதினாறா?"

அக்கா தங்கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"பதினஞ்சா?"

தங்கையின் தாடை மெல்ல மேலே நிமிர்ந்தது. அவளாக நிமிர்த்தவில்லை.

"பதினாலா?"

"அக்கா. கழுத்து. பிடிக்குது."

தங்கையின் கழுத்து பதிமூன்றரை. அடுத்ததோ அதற்கடுத்ததோ அது சொல்லிவிடும். சொல்லிவிட்டால் முழு அளவும் சேர்ந்துவிடும், தங்கையும் இங்கே இன்னொரு பொம்மையாகிவிடுவாள். அக்காவின் மூளை எங்கெங்கோ முட்டி மோதி, கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே இடத்தில் வந்து நின்றது. ஓர் அளவு தப்பினால் போதும். எவ்வளவு நல்ல துணியானாலும் கெட்டுவிடும். ஆளுக்குச் சேராது. மூலையில் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். இத்தனை வருஷத் தொழிலில் அவள் தெரிந்தே தப்பான அளவைச் சொன்னதில்லை.

"பதினாலுக்குக் கொஞ்சம் கம்மியா?"

"ஆறு!" என்று கத்தினாள். "கழுத்து ஆறு! எழுதிக்கோ! ஆறு!"

எந்த மனிதக் கழுத்துக்கும் ஆகாத அளவு. பிறந்த குழந்தைக்குக்கூட ஆகாது.

பென்சில் ஓடியது.

"கழுத்து ஆறு," என்றது தங்கையின் குரல், திருப்தியாக.

பொம்மையின் மார்பு நின்றது. பின்னால் கதவு, சின்னதாக முனகிக்கொண்டு, தானாகவே திறந்தது. முதல் அறை தெரிந்தது. படிக்கட்டு தெரிந்தது. அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கெடுத்துவிட்டாள். கெடுத்தே விட்டாள்.

"வாடி. போலாம். கதவு திறந்துடுச்சு, வா..."

தங்கையின் கைகள் அசைந்தன. இரண்டும் ஒன்றாகக் கழுத்துக்குப் போயின.

சட்டைக் கழுத்துப்பட்டி தொளதொளத்துத் தொங்கியது. அதற்குள் கழுத்து சுருங்கிக்கொண்டிருந்தது. நிதானமாக. யாரோ உள்ளிருந்து நூலை இழுத்துக் கொசுவம் வைப்பதைப் போல. இங்கே ஆளுக்காகத் துணியை வெட்டுவதில்லை. அளவுக்காக ஆளை வெட்டுகிறார்கள்.

"இல்ல! தப்பு! தப்பா சொல்லிட்டேன்! பதிமூணரை! கழுத்து பதிமூணரை!"

அடுத்த அறை பேசவில்லை.

"பதிமூணரை! கேக்குதா? திருப்பிச் சொல்லு! பதிமூணரை!"

தங்கை முழங்காலில் விழுந்தாள். அக்கா அவள் விரல்களுக்கு மேல் தன் விரல்களை வைத்துப் பிடித்தாள். இரண்டு கையையும் சேர்த்து வைத்தும் உள்ளே இடம் குறைந்துகொண்டே போனது.

"சொல்லு! யாராவது சொல்லுங்க! பதிமூணரை!"

பென்சில் காத்திருந்தது. ஆனால் அது தங்கையின் குரல், அவள் கழுத்து இறுகியதும் அதுவும் அடைத்துப்போயிருந்தது; அளவைத் திருப்பிச் சொல்ல இனி ஆள் இல்லை. தங்கை கண்களை அகல விரித்து அக்காவைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்திருந்தது. அவளுடைய உதடுகள் குவிந்தன, விரிந்தன, அந்த எண்ணைத்தான் திரும்பத் திரும்ப உச்சரித்தன. சத்தம் வரவில்லை.