தோளுக்கு அளவெடுத்த மரம்

மரம் குறுகியிருந்தது.

பேரின்பநாயகம் அளவுநாடாவை மறுபடியும் வைத்துப் பார்த்தார். துப்பாக்கி விசையிலிருந்து, வேட்டைக்காரனின் தோளில் போய்ப் பதிகிற அடிமுனைவரை, நேற்று மாலை அவர் அளந்து வைத்த நீளத்தில் இன்று ஒரு விரற்கடை இல்லை. அறுத்த தடமும் இல்லை, கீழே தூளும் இல்லை. மரம் சுருங்கும்தான், யார் இல்லை என்றது? வெயிலுக்கும் காற்றுக்கும் அகலத்தில் சுருங்கும், கோணும், வெடிக்கும். ஒரு கதவு செய்தவனுக்குக்கூட அது தெரியும். ஆனால் நீளவாக்கில் மரம் குறுகாது. யாரோ தன்னோடு சேட்டை விடுகிறான் என்று அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது.

சேட்டை விட அங்கே ஆள் யார்? பிரான்காச்சோ என்கிற அந்த இத்தாலியக் குடியிருப்பின் தொடர்மாடிகளுக்குப் பின்னால் இருந்த அந்தத் துப்பாக்கிப் பட்டறையில் இரண்டே பேர். முன்னறையில் இரும்பு வேலை செய்கிற சொந்தக்காரன் கார்மேலோ; பின்னறையில் மர வேலை செய்கிற பேரின்பநாயகம். கார்மேலோ அவரை இத்தனை வருடமும் "ஏய்" என்றுதான் கூப்பிடுகிறான். பெயர் நாக்குக்கு நீளமாம். துப்பாக்கியின் மரப்பகுதியான கட்டையை அவன் தொடமாட்டான். குறுகிப்போனது அவ்வொக்காத்தோ என்று எல்லோரும் பயந்து கூப்பிடுகிற வழக்கறிஞரின் கட்டை. ஆள் நெடுவல், கை நீளம். கடையில் வாங்கிய துப்பாக்கி தோளுக்கு எட்டாமல் நிற்கிறது என்று, நல்ல வால்நட் மரத்தில் தன் உடம்புக்கு அளவாகப் புதுக்கட்டை கேட்டிருந்தான். கன்னம் படாத பக்கத்தில், செத்துப்போன தன் வேட்டைநாயின் தலையைச் செதுக்கவும் சொல்லியிருந்தான். கூர்க்காதும் ஒடுங்கிய மூஞ்சியுமான சிர்னேக்கோ நாய்.

பேரின்பநாயகம் அடிமுனையில் ஒரு துண்டு ஒட்டி, இறுக்கி, விட்டுவிட்டுப் போனார். அன்றைக்குச் சிரோக்கோ காற்று தொடங்கியது. ஆப்பிரிக்க மணலை அள்ளிக்கொண்டு வருகிற அந்தச் சூட்டுக்காற்று தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் போட, நடுப்பகலிலேயே வெளிச்சம் மஞ்சளாகிச் செத்து, பின்னறை முழுக்க ஆளிவிதை எண்ணெயின் மணமும், பசையின் மணமும், அவற்றுக்கு அடியில் எங்கிருந்தோ ஈர நாய்மயிரின் மணமும் கலந்து நின்றன. மறுநாள் ஒட்டிய துண்டு அப்படியே இருந்தது. கட்டை இன்னும் குறுகியிருந்தது.

நீளம் மட்டுமா? பிடியும் மெலிந்திருந்தது. கன்னம் வைக்கிற மேடு தாழ்ந்து, சின்ன முகத்துக்கு அளவாக வழுவழுத்திருந்தது. அவர் அதைத் தோளில் ஏற்றிப் பார்த்தார். முனை நெஞ்சில் எங்கோ இடித்தது. அடிவளைவைத் தடவிப் பார்த்தார். பெரிய மனிதனின் தோளெலும்புக்கு அவர் குடைந்த வளைவு இல்லை அது. விரல்களுக்கு அந்த வளைவு பழக்கமானதாக இருந்தது. காய்ச்சல் நாட்களில் எத்தனையோ இரவு தட்டிக்கொடுத்த ஒரு தோள்.

நிலக்ஷி. அவருடைய மகள். பதினொரு வயது. கல்யாணமாகிக் கனகாலம் காத்திருந்து பெற்ற ஒரே பிள்ளை.

கோயில் வாகனம் செய்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குதிரையோ எலியோ காளையோ, எல்லாம் முடித்து, வர்ணமும் பூசி, கண்ணைக் கடைசியாகத்தான் திறப்பார்கள். திறக்கிறவன் குளித்து, விரதமிருந்து, திரையை இழுத்துவிட்டு, ஊசியுளியால் கருமணியைத் தொடுவான். முன்னால் கண்ணாடி வைத்திருக்கும். அதன் முதல் பார்வை அதன்மேலேயே விழவேண்டும். அதற்குப் பிறகு பசுவும் கன்றும். மனிதர் யாரும் முன்னால் நிற்கக்கூடாது. முதலில் யாரைப் பார்க்கிறதோ அவரைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் அந்த வேலைதான் பேரின்பநாயகத்துக்குச் சோறு போட்டது.

போன வெள்ளிக்கிழமை நாயின் தலை முடிந்தது. மூக்கு நனைந்திருக்கிறது என்று தோன்றுமளவு முடிந்தது. அவ்வொக்காத்தோவுக்கு அதன் அருமை விளங்கவா போகிறது? நக்குகிற நாய்க்குச் செக்கென்ன, சிவலிங்கமென்ன. ஆனால் மனிதருக்குக் கர்வம் தலைக்கேறிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டை விட்டார். குழாயடியில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். மந்திரத்தை வாய்க்குள் சொல்லி, ஊசியுளியால் கண்ணைத் திறந்தார். யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. கண்ணாடி ஒன்று தேடலாமென்று நினைத்தவர், இத்தாலியனின் நாய்க்குக் கண்ணாடி என்ன கேடு என்று, வெளிச்சத்துக்காகக் கட்டையை வாசல் பக்கம் திருப்பி வைத்தார். அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு நிலக்ஷி வந்தாள்.

"அப்பா, அம்மா சாவி கேட்டவா," என்றாள். பிறகு அங்கேயே நின்றுவிட்டாள். "அப்பா, இந்த கானே என்னைப் பார்க்குது."

நாய் என்பதற்குப் பிள்ளைக்கு இத்தாலியச் சொல்தான் முதலில் வரும். அவர் சிரித்தார். பெருமையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைக்க இப்போது அவருக்குத் தன் வாயிலேயே அறையவேண்டும் போலிருந்தது.

கட்டையைத் தோளில் வைத்துப் பார்த்த அன்று பொழுதுபட வீட்டுக்குப் போனபோது நிலக்ஷி பல்கனியில் நின்றாள். எதிர்மாடிச் சுவரில் புறாக்கள் இருந்தன. அவள் அசையாமல் நின்று, ஒரு புறா நடக்க நடக்கத் தலையை மட்டும் மெல்லத் திருப்பினாள். இடது கண் மூடியிருந்தது.

"கண்ணிலை தூசோ பிள்ளை?"

"இல்லை," என்றாள். அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சமையலறையில் மனைவி சந்திரமதி அவருக்காகக் காத்திருந்தாள். சிஞ்ஞோரா என்கிற இத்தாலிய எசமானி வீட்டில் நாள் முழுக்கத் துடைத்துக் கழுவிவிட்டு வந்த களைப்பு முகத்தில் இருந்தது. அதற்கு மேலாகப் பயம் இருந்தது.

"பிள்ளையின்ரை வலது தோளைப் பாத்தனீங்களோ? பிறை மாதிரிக் கண்டிப்போய்க் கிடக்கு. பள்ளிக்கூடத்திலை ஆரோ அடிச்சவை எண்டு நினைச்சன். கேட்டா, ஒருத்தரும் இல்லையாம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவளின்ரை கன்னத்திலை உங்கடை பட்டறை எண்ணெய் மணக்குது. ரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவினனான். போகேல்லை. அங்கை வந்தவளோ?"

"வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வரேல்லை."

"பின்னை என்ன?"

அவருக்குப் பொய் சொல்ல வாய் எடுத்தும் வரவில்லை. "அந்த நாய்க்குக் கண் திறந்தனான்," என்றார்.

சந்திரமதிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவளும் கோயில் வீதியில் வளர்ந்தவள். "ஆருக்கு முன்னாலை?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் பிள்ளை நின்ற பல்கனிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவள் கையிலிருந்த கோப்பையை மெல்ல மேசையில் வைத்தாள்.

"கெடுகுடி சொற்கேளாது எண்டு சும்மாவே சொன்னவை. துவக்கைக் கண்டாலே நாங்கள் ஓடின ஆக்கள். கடல் தாண்டி வந்து அதுக்குப் பூசை செய்திருக்கிறியள். நாளைக்குப் போய் அந்தக் கண்ணைக் கிண்டி எறிஞ்சுபோட்டு வாங்கோ."

"திறந்த கண்ணை அழிக்கிறது பாவம். வேலையும் போயிடும். வேலை போனா இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோ அனுமதியும்..."

"என்ரை பிள்ளை போனா? அதைக் கதையுங்கோ முதல்."

அன்றிரவு சுவருக்கு அந்தப் பக்கம் நிலக்ஷியின் அறையில் நகத்தால் தரையைக் கீறுகிற சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தார். பிள்ளை நேராகப் படுத்திருந்தாள். வலது கண் திறந்திருந்தது.

மறுநாள் பட்டறையில் அந்தக் கண்ணைக் கிண்ட அவர் ஊசியுளியைக் கையில் எடுத்தபோது அவ்வொக்காத்தோ முன்னறையில் நின்றான். சொன்ன நாளுக்கு முன்னமே வந்துவிட்டான். கார்மேலோ கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய், குழலையும் விசையையும் பூட்டி, இரண்டு கையாலும் நீட்டினான். அவ்வொக்காத்தோ தோளில் ஏற்றினான். முழங்கை மடங்கிப்போய் விலாவில் இடித்தது. பெரிய உடம்பில் அந்தத் துப்பாக்கி விளையாட்டுச் சாமான் அளவுக்கு நின்றது. யாரும் சிரிக்கவில்லை.

"என் பேரனுக்கா செய்தாய்?" என்றான் அவ்வொக்காத்தோ. குரலே உயரவில்லை. பிறகு நாயின் தலையைப் பார்த்தான். பார்த்தவன் முகம் சுண்டியது. "இது என் நாய் இல்லை," என்று சொல்லிவிட்டு, துப்பாக்கியைத் தூரப் பிடித்தபடி கீழே வைத்தான். கதவைக்கூடச் சாத்தாமல் போனான்.

அதன் பிறகு கார்மேலோ பேசியதையெல்லாம் எழுத முடியாது. மரம் தானாகக் குறுகியது என்று பேரின்பநாயகம் சொன்னார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்த மாதிரித்தான் அவனுக்கு அது கேட்டிருக்கும். அவன் இரும்பைக் கழற்றித் தன் பெட்டியில் போட்டுப் பூட்டினான். மரத்தை அவருடைய காலடியில் எறிந்தான்.

"ஏய், இதையும் எடுத்துக்கொண்டு போ. அடுப்பில் வை. இந்தப் பக்கம் திரும்பி வராதே."

வேலை போனது. அவருக்கு அதில் துக்கம்கூட வரவில்லை. பட்டறைக்குப் பின்சுவரோடு குந்தி, கட்டையைக் காலுக்கடியில் மிதித்துப் பிடித்து, உளியைக் கண்ணில் வைத்துக் குத்தினார். உளியின் கூர் மடங்கியது. இன்னொரு உளி. அதுவும் மடங்கியது. கண்ணில் ஒரு கீறல் இல்லை. பாதத்துக்கடியில் கட்டை சூடாக இருந்தது. மெல்ல ஏறி இறங்குகிற மாதிரியும் இருந்தது.

அவர் அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஒரேத்தோ ஆற்றுக்கு ஓடினார். காற்று மணலை முகத்தில் அடித்தது. நாணல் புதர், குப்பை, கறுத்த தண்ணீர். எறிந்தார். கட்டை மிதந்தது. சுற்றியது. நாய்முகம் மேலே வந்து அவர் பக்கம் திரும்பி நின்றது. பிறகு அடியிலிருந்து ஏதோ பிடித்து இழுத்தமாதிரி ஒரேயடியாக அமிழ்ந்து போனது. குமிழிகூட வரவில்லை. சனியன் தொலைந்தது என்று அவர் வாய்விட்டுச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மலையேறிச் சாந்தா ரொசாலியாவுக்கு மெழுகுதிரி கொளுத்தவேண்டும், முருகனுக்கும் நேர்ந்துகொள்ளவேண்டும், பிள்ளைக்கு வரும் வழியில் ஏதாவது இனிப்பு வாங்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.

வீட்டுக் கதவு பூட்டியிருக்கவில்லை. விளக்கும் போடவில்லை. உள்ளே மஞ்சள் இருட்டு. தண்ணீர் ஓடுகிற சத்தம். எண்ணெய் மணம். ஆற்றுச் சேற்றின் மணம்.

சந்திரமதி சமையலறையில், பாத்திரம் கழுவுகிற தொட்டியின் முன்னால் முதுகைக் காட்டி நின்றாள். குழாய் திறந்திருந்தது. இரண்டு கையும் தொட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தன. அவள் திரும்பவில்லை.

"இஞ்சாருங்கோ," என்றாள். உதடு அசையாமல் சொன்னமாதிரி இருந்தது. "என்ரை முதுகிலை என்ன முட்டுது?"

ஒன்றும் முட்டவில்லை. முதுகுக்குப் பின்னால் வெறும் காற்று. அதற்கும் பின்னால், ஒரு துப்பாக்கிக் குழலின் தூரத்தில், நிலக்ஷி நின்றாள்.

இடது கை முன்னே நீண்டிருந்தது. உள்ளங்கையில் ஒன்றுமில்லை. வலது முழங்கை உயர்ந்திருந்தது. கன்னம் காற்றில் சாய்ந்து, அந்தக் காற்றில் அழுந்தித் தட்டையாகியிருந்தது. தோளில் சட்டை பிறையாக உள்வாங்கியிருந்தது. இடது கண் மூடியிருந்தது. உடம்பில் ஒரு நடுக்கம் இல்லை. அவர் வாழ்நாளில் யாருக்கும் அவ்வளவு பொருத்தமாகக் கட்டை செய்து கொடுத்ததில்லை.

சந்திரமதியின் முதுகில், தோளெலும்புகளுக்கு நடுவே, சட்டைத் துணியில் ஒரு பள்ளம். வட்டமாக. விரல் நுழையுமளவு.

"பிள்ளை," என்றார். "இஞ்சை பார். அப்பாவைப் பாரம்மா."

பார்த்தாள். காலும் இடுப்பும் கையும் கன்னமும் ஒன்றாகத் திரும்பின. சந்திரமதியின் முதுகுத் துணி நிமிர்ந்தது. அவள் அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள்.

பேரின்பநாயகத்தின் நெஞ்சில் குளிர்ச்சியாக ஒன்று வந்து பதிந்தது. குனிந்து பார்த்தார். சட்டைப் பொத்தானுக்குப் பக்கத்தில். வட்டமாக.

"நான் அப்பா."

நிலக்ஷியின் மூக்கு விரிந்தது. மோப்பம் பிடித்தது. அந்தக் கண்ணில் அவரைத் தெரிந்த சுவடே இல்லை. வெறும் காற்றில், அவளுடைய சுட்டுவிரல் மெல்ல மடங்கியது.