மலைக் காற்றுக்கு வந்தவள்

பேருந்து கடைசி வளைவைத் திரும்பும்போதே இது அவசரமில்லாத ஊர் என்று தெரிந்துவிட்டது. பகல் பதினொரு மணிக்குத்தான் கடைக்காரர்கள் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அச்சகத்தில் முப்பத்தாறு வருடம் ஃபோர்மேனாக இருந்து போன மாதம் ஓய்வு பெற்றவர், ஒற்றைப் பெட்டியோடு இறங்கினார். மிச்சக் காலத்தை இங்கேயே தள்ளிவிடுவதாக எண்ணம்.

மகள் வழியனுப்ப வரவில்லை. போனில் கேட்டாள்.

“ஒரே ஒரு வாரம் மலைக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு அம்மா பத்து வருஷம் கேட்டாங்க. மெஷினை விட்டுட்டு வர முடியாதுன்னீங்க. இப்ப யாருக்காகப்பா போறீங்க?”

அவர் போனை வைத்துவிட்டார்.

மனைவிக்கு இளைப்பு நோய். மலைக் காற்று பட்டால் தேவலை என்று டாக்டர் சொன்னதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவரோ சட்டையெல்லாம் மையும் மண்ணெண்ணெயும் மணக்க வீட்டுக்கு வந்து, “அடுத்த வருஷம் பாப்போம்” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போவார். போன வருடம் ஒரு விடியற்காலையில் அவளுக்கு மூச்சு முட்டியது. “அந்தச் சன்னலைக் கொஞ்சம் திறங்களேன்” என்றாள். “பனி உள்ள வரும். பேசாமப் படு” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். ஏழு மணிக்கு அவர் எழுந்தார். அவள் எழுந்திருக்கவில்லை.

சன்னல் விஷயத்தை அவர் மகளிடம் சொன்னதில்லை. யாரிடமுமே சொன்னதில்லை.

சரிவில் தகரக் கூரை போட்ட சின்ன வீடு. பக்கத்து வீட்டில் கம்பளி பின்னுகிற பெண்தான் சாவியைக் கொடுத்தாள். இரண்டு நாள் நன்றாகவே போயிற்று. நடந்தார், வெயில் காய்ந்தார், மத்தியானத்தில் தூங்கினார். மூன்றாம் நாள் மூடுபனி இறங்கியது. பகல் இரண்டு மணிக்கே எதிர் மரம் மறைந்துபோனது. உள்ளறைச் சன்னல் திறந்திருந்தது. சாத்திக் கொக்கி போட்டார். முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் மறுபடி திறந்திருந்தது. மூன்று தரம் அப்படி. வெளியே போய்ப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கேட்டார்.

“ஏம்மா, அந்தச் சன்னலை நீ திறந்து வைக்கிறியா?”

அவள் ஊசியிலிருந்து கண் எடுக்கவில்லை. “நான் எதுக்குங்க? நேத்து நீங்க நடக்கப் போனப்ப நான்தான் சாத்த வந்தேன். உங்க வீட்டு அம்மா, வேண்டாம், திறந்தே இருக்கட்டும்னாங்க.”

வீட்டுக்குள் திரும்பி வந்தார். உள்ளறையில் தைல வாசனை. அவள் நெஞ்சில் தேய்த்துக்கொள்கிற தைலம். சன்னலோரம் பனி புகைபோல உள்ளே வழிந்துகொண்டிருந்தது. அந்த வெண்மைக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

மூச்சு.

நிதானமாக, நீளமாக, வயிறு நிறைய இழுத்து விடுகிற மூச்சு. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு தரம்கூட அப்படி மூச்சு விட்டு அவர் கேட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் அந்தச் சின்ன ‘ம்’ இருந்தது. அது அவளுடையதுதான்.

“நீயா?” என்றார்.

மூச்சு நின்றது.

“பாத்தியா... கடைசியில மலைக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்ல” என்றார்.

“நானாத்தான் வந்தேன்.”

காதருகே, மிக மெதுவாக.

மறுபடி அந்த மூச்சு ஆரம்பித்தது. அது உள்ளே இழுக்கும்போதெல்லாம் அவர் நெஞ்சு ஒட்டிப்போயிற்று. வாயை அகலத் திறந்தார். அறை நிறையக் காற்று இருந்தது. அவருக்கு மட்டும் வரவில்லை. முழங்கால் மடிந்து தரையில் விழுந்தார். சன்னலை நோக்கி ஊர்ந்தார். கை எட்டுவதற்குள் சன்னல் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கொக்கி விழுந்தது.

“திற...” என்றார்.

“பனி உள்ள வரும். பேசாமப் படுங்க.”

பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. அவளே சாயங்காலப் பேருந்தில் ஏற்றிவிட்டாள். பெட்டியை எடுக்கக்கூட அவர் உள்ளே போகவில்லை.

கீழே இறங்கியும் நெஞ்சு இறுக்கம் தளரவில்லை. மறுநாள் காலை மகள் டாக்டரிடம் அழைத்துப்போனாள். அவளுடைய பேச்சில் இன்னும் கசப்பு குறையவில்லை. டாக்டர் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார்.

“இழுத்து விடுங்க. இன்னொரு தரம். நுரையீரல்ல ஒண்ணும் இல்லையே... சரி, இதயத்தைக் கேக்கணும். மூச்சைப் பிடிச்சுக்குங்க.”

பிடித்துக்கொண்டார்.

டாக்டர் காத்திருந்தார். ஸ்டெதஸ்கோப்பை இடம் மாற்றி வைத்தார். புருவம் சுருங்கியது.

“விடாதீங்க ஐயா, மூச்சுச் சத்தம் கேக்குது. பிடிச்சுக்கச் சொன்னேன்.”

அவர் தலையை மட்டும் ஆட்டினார். எதிரே உட்கார்ந்திருந்த மகள், இறுக மூடிய அவர் வாயையும் அசையாத நெஞ்சையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பிடிச்சுட்டுத்தான் இருக்கார், டாக்டர்” என்றாள்.