உண்ணியின் சொந்தக்காரர்கள்

அந்தக் குடியிருப்பின் காவல் நாய்க்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். காவல் என்பது சும்மா பேச்சுக்குத்தான். வாசலில் குறுக்கே படுத்திருக்கும். திருடனே வந்தாலும் நகர்ந்து படுத்து வழிவிடும். வாசலைத் தாண்டி வெளியே ஓர் அடிகூட வைத்ததில்லை.

அப்பேர்ப்பட்ட நாயின் தலையில்தான் பழி விழுந்தது.

புல்வெளியில் நடந்துவிட்டு வந்த செகரட்டரி மாமாவின் கணுக்காலில் ஓர் உண்ணி ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு, விளையாடிய பிள்ளைகளின் கால்களிலும் உண்ணிகள் ஏறின.

"எல்லாம் இந்த நாயோட வேலை. ஞாயித்துக்கிழமை நாய் பிடிக்கிற வண்டி வருது, ஏத்தி அனுப்பிடுவோம்" என்றார் மாமா.

வாலு ஓடிப்போய்த் தூங்குமூஞ்சியைக் கட்டிக்கொண்டாள். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அவளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தூங்குமூஞ்சிக்குத் தினமும் சாப்பாடு வைப்பது அவள்தான்.

அவளுடைய அம்மா உண்ணி ஆராய்ச்சியாளர். உண்ணிகள் புதுப்புது இடங்களுக்கு எப்படிப் பரவுகின்றன என்று துப்புத் துலக்குவதுதான் அவருக்கு வேலை.

"இது காட்டு உண்ணியாச்சே, இங்க எப்படி வந்துச்சு?" என்று அம்மாவே நெற்றியைச் சுருக்கினார்.

"எந்தக் காட்டுலேர்ந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்க முடியுமாம்மா?"

"மரபணுவைப் பார்த்தா தெரியும். உன் மூக்கு அப்படியே உன் அத்தை மூக்கு மாதிரி இருக்குல்ல? அதுக்குக் காரணம் உடம்புக்குள்ள இருக்குற மரபணுதான். உண்ணிக்கும் அது உண்டு. யாருக்கு யாரு சொந்தம்னு காட்டிக் கொடுத்துடும்."

"அப்போ உண்ணிக்கும் அத்தை, சித்தப்பா எல்லாம் இருக்காங்களா?"

"ஒரு மலை நிறைய இருக்காங்க."

வாலு காலுறையை முழங்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஆராய்ச்சிக்குப் போகும் மலைக்காட்டில் அம்மா செய்வதைப் போலவே ஒரு வெள்ளைத் துணியைப் புல்மேல் இழுத்தபடி நடந்தாள். ஏதோ விலங்கு போகிறது என்று ஏமாந்து உண்ணிகள் துணியில் தொற்றிக்கொள்ளும். அம்மா அவற்றை இடுக்கியால் எடுத்துக் குப்பியில் போட்டார்.

தூங்குமூஞ்சி புரளும் மூலையில் ஒன்றுகூட இல்லை. விளையாடும் இடத்தில் ஒன்றிரண்டு கிடைத்தன. துணி காயப்போடும் கொடிக்குக் கீழேதான் கசகசாவைத் தூவியதுபோல் குட்டி குட்டியாக ஒட்டின.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா ஆய்வகத்திலிருந்து மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"வாலு, நான் போற மலையில இருக்குற உண்ணிங்களும் இதுங்களும் ஒரே குடும்பம். ஆனா நடுவுல இருக்குற எந்த ஊர்லயும் இந்தக் குடும்பம் இல்ல. மலையிலேர்ந்து நேரா இங்க வந்து குதிச்சிருக்கு!"

"தூங்குமூஞ்சி மலைக்குப் போகலையே. இங்கேர்ந்து அங்க யாரும்மா போறாங்க?"

"நான்தான்..." என்று இழுத்தார் அம்மா.

"மலையில இழுக்குற துணியை நீ எங்கம்மா உதறுவே?"

அம்மா ஜன்னல் வழியே கீழே பார்த்தார். துணி காயப்போடும் கொடி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"பெருசையெல்லாம் அங்கேயே பொறுக்கிடுவேன். குட்டிங்க கண்ணுக்குத் தப்பியிருக்கு. கொண்டுவந்தது நானேதானா?" அம்மாவின் முகம் தொங்கிப்போனது.

வாலுவுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ வேணும்னேவா செஞ்சே? மாமாகிட்ட சொல்லும்போது நானும் கூட வரேன்."

ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்து நின்றது. எல்லோர் முன்னாலும் அம்மா ஒன்றுவிடாமல் சொன்னார். "இனிமே துணி ஆய்வகத்தைத் தாண்டாது. புல்வெளியையும் நானே ஆள் வெச்சுச் சுத்தம் பண்ணித் தரேன்."

செகரட்டரி மாமா தலையைச் சொறிந்தார். பிறகு குனிந்து தூங்குமூஞ்சியிடம், "மன்னிச்சுக்கப்பா, அவசரப்பட்டுட்டேன்" என்றார். அது ஒரு கொட்டாவி விட்டது.

"சார், அப்போ நான் யாரைத்தான் ஏத்தறது?" என்று கேட்டார் வண்டிக்காரர்.

மாமா ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்தார். முதலில் சிரித்தது அம்மாதான். அப்புறம் குடியிருப்பே சிரித்தது.

வாலு ஓடிப்போய் வாசல் கதவை அகலத் திறந்தாள். காலி வண்டி திரும்பியது. தூங்குமூஞ்சி சற்றே நகர்ந்து படுத்து, அதற்கு வழிவிட்டது.