மேட்டூர் ஐம்பத்தாறு, தம்மம்பட்டி முப்பத்திரண்டு

சனிக்கிழமை காலை 8.10. ராசிபுரம். மொட்டை மாடியில் முத்தாயம்மாள் போட்ட சத்தத்தில் தெருவே வெளியே வந்து நின்றது.

புறாக்கூண்டு காலி. சம்பங்கியைக் காணோம்.

சம்பங்கி பந்தயப் புறா. ஞாயிறு காலை பெங்களூரில் திறந்துவிட்டால் நூற்றெண்பது கிலோமீட்டர் பறந்து இந்த மாடிக்கு வரவேண்டியது. இன்று பன்னிரண்டு மணிக்குள் சங்கத்தில் ஒப்படைக்காவிட்டால் பந்தயம் போச்சு. சங்கத்தில் முத்தாயம்மாள் ஒருத்திதான் பெண். "பொம்பளைக்கு எதுக்குங்க புறா?" என்று மூன்று வருஷமாகக் கேட்டவர்களுக்கு நாளைக்குத்தான் பதில் சொல்வதாக இருந்தார்.

8.40. எஸ்.ஐ. அறிவுச்செல்வி, ஏட்டு அன்பரசுவோடு மாடியேறினார். பூட்டு உடையவில்லை.

"சாவி இருக்கற இடம் யாருக்குத் தெரியும்?"

"ரெண்டே பேருக்குங்க. மேட்டூர் தீனதயாளன், சங்கத்துச் செயலாளர். அப்புறம் தம்மம்பட்டி மாதேஸ்வரன். ரெண்டு பேரும் நாளைக்குப் புறா உடறாங்க. நேத்து சாயங்காலம் இங்கதான் காப்பி குடிச்சாங்க. இப்ப அவங்கவங்க ஊட்டுல இருப்பாங்க."

சுவரில் சாக்பீஸ் எழுத்து. வான்வழித் தூரம்: மேட்டூர் 56, தம்மம்பட்டி 32.

"சம்பங்கி மணிக்கு எவ்வளவு பறக்கும்?"

"எழுபதுங்க, சாமி!" அழுகைக்கு நடுவிலும் அந்த அம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

9.00. அறிவுச்செல்வி தீனதயாளனுக்குப் போன் போட்டார். "போலீஸ். உங்க தெரு முனைல நிக்கறோம். வீட்டைச் சோதனை போடணும்."

பிறகு நிதானமாக டீ குடித்தார். 9.40க்கு மாதேஸ்வரனுக்கும் அதே வசனம்.

"மேடம், நாம ராசிபுரத்துல நிக்கறோமே!" என்றார் அன்பரசு.

"தெரியுது ஏட்டய்யா."

9.52. தலைக்கு மேல் சடசடவென்று சத்தம். எந்தப் பக்கமிருந்து வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. சம்பங்கி கூண்டின் மேல் உட்கார்ந்திருந்தது.

"வந்துட்டியா தங்கம்!" முத்தாயம்மாள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மறுபடி அழுதார். இது வேறு அழுகை.

"மாதேஸ்வரன்தான் மேடம்!" அன்பரசு துள்ளினார். "அவனுக்குப் போன் போட்டதும் வந்துடுச்சு, பாருங்க!"

"பன்னெண்டு நிமிஷத்துல முப்பத்திரண்டு கிலோமீட்டரா? ராக்கெட்டா இது? மேட்டூர்லேர்ந்து எழுபது வேகத்துல நாப்பத்தெட்டு நிமிஷம். பயந்து நடுங்கிக் கூண்டைத் திறக்க நாலு நிமிஷம். தீனதயாளன். கையில சிக்கக் கூடாதுன்னு பறக்க உட்டுட்டார்."

"அதுக்குத்தான் ரெண்டு போனுக்கும் நடுவுல அவ்வளவு நேரமா?"

"ஒரே நேரத்துல பேசியிருந்தா, தம்மம்பட்டிக்காரர் தயங்கித் தயங்கித் திறந்திருந்தாலும் புறா இதே நேரத்துக்கு வந்திருக்குமே, யாருன்னு எப்படிச் சொல்றது? நீங்க கடிகாரத்தைப் பார்க்கல, டீயைத்தான் பார்த்தீங்க."

11.15. அறிவுச்செல்வி மறுபடி போன் போட்டு வரச்சொன்னதில், வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார் தீனதயாளன். "மன்னிச்சுடுங்கக்கா. பொம்பளைகிட்டத் தோக்கறதான்னு புத்தி கெட்டுப்போச்சு."

"கேஸ் வேண்டாங்க மேடம்" என்றார் முத்தாயம்மாள். "நாளைக்கு என்ற மாடியில நின்னு, என்ற புறா வர்ற நேரத்தை இவரு கையாலயே எழுதோணும். அது போதும்." சொல்லிவிட்டுச் சங்கத்துக்கு ஓடினார்.

ஞாயிறு. பெங்களூரில் திறந்தது 7.00. மேட்டூரில் தீனதயாளனின் புறா எப்போதோ இறங்கிவிட்டது. ஒவ்வொரு புறாவுக்கும் வீட்டுத் தூரம் வேறு என்பதால் பந்தயத்தில் வேகம்தான் கணக்கு. அதன் வேகம் மணிக்கு அறுபத்தெட்டு, அதுவரை அதுதான் முதல். அதை முந்த வேண்டுமானால் சம்பங்கி 9.38க்குள் வரவேண்டும். முத்தாயம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். அன்பரசு நகத்தைக் கடித்தார்.

9.32.

முதலில் கத்தியது தீனதயாளன். நோட்டையும் பேனாவையும் கீழே போட்டுவிட்டுக் குதித்தார். "அக்கா, கண்ணைத் தொறங்கக்கா! வந்துட்டா! என்ற புறாவைத் தோக்கடிச்சுட்டாக்கா!"