நாலாவது குமிழ்

முழங்கால் இரண்டும் சிமெண்டுத் தரையில் ஊன்றி ஊன்றி மரத்துப்போயிருந்தன. இடுப்பில் யாரோ ஆப்பு அடித்து வைத்ததுபோல ஒரு வலி, குனிந்தாலும் நிமிர்ந்தாலும் விலா வரைக்கும் பிடித்து இழுத்தது. சின்னவன் காலையிலிருந்து கம்ப்யூட்டர் பெட்டியின் வயிற்றைத் திறந்துபோட்டு அதற்குள் தலையை விட்டிருந்தான். பழைய வயர்களைப் பிடுங்கி, புதிதாக வாங்கிவந்த ஃபேன் கன்ட்ரோலரில் விசிறிகளை ஒவ்வொன்றாகச் செருகி, முன்பு சிடி டிரைவ் இருந்த பொந்துக்குள் அதைத் தள்ளி முடுக்கி முடிப்பதற்குள் வெயில் மேற்கே சாய்ந்துவிட்டது. சுவரைப் பிடித்து எழுந்து சுவிட்சைப் போட்டான்.

கன்ட்ரோலரின் முகத்தில் நான்கு குமிழ்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு சின்னக் கண்ணாடிக் கட்டம். விசிறி எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது, அதன் பக்கத்தில் சூடு எவ்வளவு என்று நீல எழுத்தில் காட்டும். பெட்டிக்குள் இருந்தது மூன்றே விசிறி. மூன்று கட்டங்களும் ஆயிரத்துக்கு மேல் காட்டின. நாலாவதில் அவன் எதையும் செருகவில்லை. அது இருட்டாகத்தான் இருக்க வேண்டும்.

அதில் பதினாறு என்று எரிந்தது.

பதினாறு ஒரு வேகமா? கையால் தள்ளிவிட்ட விசிறிகூட அதைவிட வேகமாகச் சுற்றும். மட்டமான சாமானை யானை விலைக்கு வாங்கிவிட்டோமோ என்று கட்டத்தை விரலால் தட்டிப் பார்த்தான். வாங்கும்போதே கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"தம்பி, உண்மையைச் சொல்லட்டுமா? இந்தக் காசுக்கு நல்ல விசிறியாவே மூணு வாங்கலாம். தூசியைத் தட்டி, மதர்போர்டுலயே வேகத்தைக் குறைச்சு வெச்சா பாதி இரைச்சல் போயிடும். இது பணம் பெருத்தவன் அழகுக்கு மாட்டுற சாமான்."

"என் போர்டு பழசு, அதுல குறைக்க வராது. இது சத்தத்தை அடக்குமா, அடக்காதா? அதைச் சொல்லுங்க."

"அடக்கும். ஆனா இது அடங்கினா, அதுக்கு அடியில இருந்ததெல்லாம் கேக்க ஆரம்பிக்கும். அப்ப வந்து என் சட்டையைப் பிடிக்கக் கூடாது. திருப்பி எடுக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

வாங்காமல் இருக்க வழியில்லை. சின்னவனுக்குக் குரல்தான் பிழைப்பு. கம்பெனி அனுப்புவதை மைக்குக்கு முன்னால் வாசித்துப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். இப்போது வந்திருப்பது தூக்கம் வராதவர்களுக்கான பாடம். மூச்சை எப்படி இழுப்பது, எப்படி விடுவது என்று ஒரு குரல் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுமாம். இரண்டு தடவை அனுப்பி இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டது. "பின்னாடி ஏதோ இரையுது சார்," என்றாள் அங்கே கேட்டுச் சரிபார்க்கிறவள். "இன்னைக்கு இருட்டுறதுக்குள்ள சுத்தமா வரலைன்னா வேற குரலைப் பாத்துக்குவோம்." வேறு குரல் கிடைத்துவிட்டால் சின்னவனுக்கு மிச்சம் இருப்பது மூட்டைதான். மூட்டை தூக்கி முதுகெலும்பில் ஒரு தட்டு பிதுங்கிய நாளிலிருந்து அவன் கனவிலும் பயப்படுவது அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

மூட்டையை இன்னும் விடாமல் தூக்கிக்கொண்டிருப்பவன் பெரியவன், அவன் அண்ணன். ராத்திரி முழுக்க சிமெண்டு கிடங்கில் லோடு இறக்கிவிட்டு, விடிந்ததும் வந்து பாயை விரித்துச் சாய்வான். இருவருக்கும் சேர்த்து இருந்தது ஓர் அறை. மேஜையைப் போட்டது போக ஓர் ஆள் நீட்டிப் படுக்கத்தான் இடம். பெரியவன் தலை மேஜைக்கு அடியில் கம்ப்யூட்டர் பெட்டியை ஒட்டியும், கால் கதவை ஒட்டியும் கிடக்கும். வெளிச்சத்தம் உள்ளே வராதபடி சின்னவன் ஜன்னலில் கிழிந்த மெத்தையை ஆணியடித்து வைத்திருந்தான். அதனால் உச்சிப் பகலிலும் அறை கிணற்றின் அடி மாதிரி இருட்டு. பதிவு ஓடும்போது மேலே மின்விசிறியையும் நிறுத்திவிடுவான். வியர்வையும் சிமெண்டும் ஈரச் சாக்கும் கலந்த ஒரு வாடை அங்கே சுவரோடு சுவராக ஊறியிருந்தது.

இந்த அறைக்குள் அண்ணன் தம்பி ஒருவரை ஒருவர் கடித்துக் குதறாத நாள் குறைவு. நேற்றும் நடந்தது.

"ராத்திரி பூரா முதுகு ஒடியத் தூக்கிட்டு வந்து படுத்தா காதுகிட்ட மாவு மில்லு ஓடுது. ஒண்ணு அந்தப் பொட்டி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"உன் குறட்டைக்கு என் பொட்டி எவ்வளவோ தேவலாம்."

"குறட்டையா? நெஞ்சுல கான்கிரீட்டு போட்டு வெச்சிருக்கேன்டா, அது இரையுது. கல்லுக்குழித் தண்ணில மூச்சடங்கிக் கிடந்தவனைத் தூக்கிப் போட்டு, வாயில வாய் வெச்சு ஊதினேன் பாரு, என்னைச் சொல்லணும். நான் ஊதின காத்துலதான் நீ இன்னைக்கு மைக்குக்கு முன்னாடி குரலை ஏத்தி இறக்குற."

எந்தச் சண்டை எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் அந்தக் கல்லுக்குழியில்தான் போய் விழும். சின்னவன் அப்போது சின்னப் பையன். அப்பாவும் அம்மாவும் மேலே பாறை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அதைச் சொல்லிக் காட்டும்போதெல்லாம் அவனுக்கு அண்ணன் கழுத்தை நெரிக்கலாம் என்று வரும்.

இப்போது அந்தக் கழுத்து அவன் காலடியில் கிடந்தது. பெரியவன் மல்லாந்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான்.

சின்னவன் உட்கார்ந்து முதல் குமிழைத் திருகினான். இரைச்சலில் ஒரு படலம் உரிந்தது. இரண்டாவதைத் திருகினான். மூன்றாவதைத் திருகியதும் வருஷக்கணக்காகக் காதுக்குள் குடியிருந்த அந்த ஓலம் இறங்கி இறங்கி, தரையில் சிந்திய தண்ணீர்போல உறிஞ்சப்பட்டுக் காணாமல் போயிற்று. கொடுத்த காசு வீண்போகவில்லை. அவனுக்குச் சிரிப்பு வந்தது.

அப்போதுதான் அது கேட்டது.

சரளைக் கற்களை யாரோ தகர டப்பாவில் போட்டு மெல்ல உருட்டுகிற மாதிரி ஓர் இழுப்பு. உச்சியில் ஒரு விசில். பிறகு சாக்கைத் தரையில் இழுத்துப்போவதுபோல நீளமான ஒரு விடுகை. கடைக்காரர் சொன்னது சரியாகப் போயிற்று. பெட்டியின் இரைச்சலுக்கு அடியில் இத்தனை நாளும் அண்ணனின் நெஞ்சு ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்போனை மாட்டி மைக்கைத் திறந்தான். நெஞ்சு இன்னும் பெரிதாகக் கேட்டது, காதுக்குள்ளேயே படுத்திருப்பதுபோல.

எழுப்பினால் கொலை விழும். போன தடவை எழுப்பியதற்குச் சொம்பு பறந்து வந்தது. எரிச்சலில் அவன் விரல், சும்மா கிடந்த நாலாவது குமிழைக் கொஞ்சம் திருகியது.

பதினாறு, பதிமூன்றாயிற்று.

அண்ணனின் மூச்சு மெதுவானது.

தற்செயல்தான் என்று குமிழைப் பழையபடி ஏற்றினான். கூடுதலாகவே ஏற்றிவிட்டான். பெரியவனின் நெஞ்சு அடித்துப் புரண்டு, துருத்திபோல வேக வேகமாக ஊதியது, தூக்கத்திலேயே இருமினான். கட்டத்தில் முப்பது. சின்னவன் பதறி இறக்கினான். நெஞ்சும் இறங்கியது.

மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தான். கன்ட்ரோலரோடு சூடு பார்ப்பதற்கென்று நூல் போன்ற நான்கு வயர்கள் வந்திருந்தன, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு மெல்லிய தகடு. மூன்றை விசிறிகளின் பக்கத்தில் ஒட்டியிருந்தான். நாலாவதை வெட்ட மனமில்லாமல் பின்பக்கத் துளை வழியாக வெளியே தள்ளிவிட்டிருந்தான். அது பெட்டிக்குப் பின்னால் விழுந்து, பாயோரமாக ஊர்ந்து, பெரியவனின் பிடரிக்கு அடியில் போய் நுழைந்திருந்தது.

நாலாவது கட்டத்தில் சூடு முப்பத்தேழு. உடம்புச் சூடு.

அந்த நிமிஷமே அதைப் பிடுங்கியிருக்க வேண்டும். விரல்வரை போனான். மெத்தையின் கிழிசல் வழியாக உள்ளே விழுந்த வெயில் கோடு அதற்குள் சுவரில் ஏறிச் சிவந்திருந்தது. இருட்டுவதற்குள் அனுப்ப வேண்டும். ஒரே ஒரு தடவை வாசித்து முடிக்கிறவரைக்கும்தானே? அப்புறம் பிடுங்கிவிடலாம். அண்ணனும் நிம்மதியாகத் தூங்கட்டும்.

குமிழைத் திருகினான். பத்து. ஏழு. விசில் போனது, சரளைச் சத்தம் போனது. இடது கையைக் குமிழிலேயே வைத்துக்கொண்டு, வாயை மைக்கின் பக்கம் கொண்டுபோனான்.

"கண்களை மூடிக்கொள்ளுங்கள். மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள்."

காலடியில் ஒரு நெஞ்சு எழும்பியது.

"மெதுவாக வெளியே விடுங்கள்."

தணிந்தது.

அவன் குரல் தேன்போல ஓடியது. இவ்வளவு நன்றாக அவன் என்றைக்குமே வாசித்ததில்லை. வரிக்கு நடுவே சாக்கு இழுபடும் சத்தம் லேசாகத் தலைகாட்டும், விரல் தானாக அசையும், அது அடங்கும். ஐந்து. மூன்று. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கி எரித்தது, துடைத்தால் சத்தம் வரும் என்று துடைக்கவில்லை. வெயில் கோடு மங்கியது. சிமெண்டு வாடைக்குப் பதிலாக மழைத்தண்ணீர் தேங்கிய பாறையின் வாடை ஒன்று எங்கிருந்தோ வந்தது. அதைக் கவனிக்க அவனுக்கு நேரமில்லை.

"இப்போது மூச்சை அப்படியே நிறுத்துங்கள். இந்த அமைதியில் இருங்கள்."

பாடம் அந்த வரியோடு முடிந்தது. பதிவை நிறுத்தி ஓடவிட்டுக் கேட்டான். அவன் குரல் மட்டும். பின்னால் ஒன்றுமே இல்லை. துடைத்துவிட்ட மாதிரி. அனுப்பினான். உடனே பதில் வந்தது: "அருமை சார். இப்படித்தான் வேணும். இனிமே எல்லாம் உங்களுக்குத்தான்."

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

அறையிலும் ஒன்றுமே இல்லை.

நாலாவது கட்டத்தைப் பார்த்தான். பூஜ்யம்.

குமிழை ஏற்றினான். பூஜ்யம். கடைசிவரை ஏற்றினான், குமிழ் கையோடு லொடலொடவென்று சுற்றியது. பூஜ்யம். பக்கத்தில் சூடு முப்பத்தொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முப்பது.

"அண்ணே."

இருபத்தெட்டு.

"அண்ணே, விளையாடாத. எந்திரி. கிடங்குக்கு நேரமாச்சு."

மண்டிபோட்டு, பிடரிக்கு அடியில் கையை விட்டு வயரை வெடுக்கென்று உருவினான். தகடு அவன் உள்ளங்கைக்குள் வந்தது. அண்ணனின் தோல் பாறைபோலச் சில்லிட்டிருந்தது. அந்தப் புழுக்கத்தில்.

பெரியவன் எழுந்து உட்கார்ந்தான்.

முனகல் இல்லை, இருமல் இல்லை. எழுந்ததும் காறித் துப்புகிறவன், துப்பவில்லை. ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். ஒவ்வொரு பட்டனாகப் போட்டான். பட்டனுக்குப் பின்னால் நெஞ்சு அசையவே இல்லை. முகத்தைத் திருப்பித் தம்பியைப் பார்த்து உதட்டை அசைத்தான். வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

மேஜையில் கிடந்த ஹெட்போனிலிருந்து வந்தது. ஈ முனகுகிற அளவுக்கு.

"நல்லாத் தூங்கினேன்டா. பொறந்ததுல இருந்து இப்படித் தூங்கினதே இல்ல."

சின்னவன் பின்னால் நகர்ந்தான். முதுகில் சுவர் இடித்தது. ஓட வேண்டிய கதவு அண்ணனுக்குப் பின்னால் இருந்தது.

"சாமானுக்குக் குடுத்த காசு தகும். சும்மா சொல்லக் கூடாது." உதடு நின்ற பிறகும் ஹெட்போன் பேசியது. "எனக்கு எல்லாம் கேட்டுச்சு. இழுக்கச் சொன்னே, இழுத்தேன். விடச் சொன்னே, விட்டேன். நிறுத்தச் சொன்னே."

"அண்ணே, நான் வேணும்னு செய்யல."

"மறுபடி இழுன்னு நீ சொல்லவே இல்லியேடா."

மேஜைக்கு அடியில் நீல வெளிச்சம் மாறியது. நாலாவது கட்டத்தில் எண் திரும்ப எரிந்தது. இருபத்தாறு. முப்பது. முப்பத்து நான்கு. பக்கத்தில் சூடு முப்பத்தேழு. சின்னவன் ஒரு நொடி சந்தோஷப்பட்டான். அண்ணனின் நெஞ்சைப் பார்த்தான். அது அசையவில்லை. அசைந்தது சின்னவனின் நெஞ்சு. தகடு அவன் கைக்குள் இருந்தது.

கையை விரிக்கப் பார்த்தான். விரியவில்லை. வலது கையால் இடது விரல்களை நெம்பினான். மூட்டை தூக்கிக் காய்த்த விரல்கள், பூட்டுப்போல இறுகிக் கிடந்தன. முப்பத்தெட்டு. நாற்பது.

பெரியவன் நிதானமாக, முழங்கால் வலிக்காத ஒருவனைப்போலக் குந்தினான். மேஜைக்கு அடியில் கையை நீட்டினான். சிமெண்டில் வெந்து வெடித்த கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நாலாவது குமிழின்மேல் உட்கார்ந்தன. மறுகை தம்பியின் தாடையைப் பிடித்தது. கல்லுக்குழிக் கரையில் அன்று பிடித்த அதே பிடி.

வாயைத் திறந்துகொண்டு முகத்தை முகத்துக்கு எதிரே கொண்டுவந்தான். அந்த வாயிலிருந்து காற்றும் இல்லை, சூடும் இல்லை. குழித்தண்ணீரின் வாடை மட்டும்.

"ஊதுடா," என்றது ஹெட்போன்.

சின்னவன் பல்லைக் கடித்து உதட்டை இறுக்கினான். குமிழ் ஒரு புள்ளி திரும்பியது. முப்பது. இன்னொரு புள்ளி. இருபது. வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். மெத்தை அடித்த ஜன்னல் அதையும் விழுங்கியது. பன்னிரண்டு. அண்ணனின் வாய் திறந்தபடி எதிரே காத்திருந்தது. அதற்கு அவசரமே இல்லை.

பெரியவனுக்கு அவன் தர வேண்டிய பாக்கி, ஒரு மூச்சு.